என் பேருக்கு வந்த வீடு

இரத்தத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வந்த கவலை பாலைப் பற்றியது. எழுபதுகளின் நடுப்பகுதி. மலாய் நாட்டில், கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் நான் பால்மரம் (ரப்பர்) சீவிக்கொண்டிருந்தேன். மரத்துக்கு முன்னால் குனிந்து இருமினேன். வாயிலிருந்து வந்தது நேராக மங்கில் (பால் வடியும் கிண்ணம்) விழுந்துவிட்டது. மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) பார்த்தால் ஏசுவாரே என்று மங்கைக் கவிழ்த்துக் கொட்டி, இலையால் துடைத்து, மறுபடியும் மாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். என் நெஞ்சைப் பற்றி நினைக்க மத்தியானம் வரை நேரம் கிடைக்கவில்லை.

இருமல் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும். தூக்கத்தில் வியர்த்துப் பாய் நனையும். சேலையை இடுப்பில் இன்னொரு சுற்று சுற்றவேண்டி வந்தது. தோட்டத்து டிரஸர் (தோட்டத்தில் சிறு வைத்தியம் பார்ப்பவர்) எல்லாருக்கும் கொடுக்கும் சிவப்புத் தண்ணியையே எனக்கும் கொடுத்தார். வயிற்றுவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். இரத்தம் என்றதும் அவர் முகம் மாறியது. ஈப்போவிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அங்கே என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். டாக்டர் சீனர். அவர் மலாயில் சொன்னதை மிஸ்ஸி (செவிலி) தமிழில் சொன்னாள். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). தோட்டத்தில் இதைச் சயம் என்போம், மலாய்க்காரர்கள் பாத்தோக் கெரிங் என்பார்கள். எந்தப் பாஷையில் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி தள்ளி நிற்பார். அன்று தள்ளி நின்றது என் அம்மா.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது, இதே நோயோடு ஏதாவது ஒரு வார்டில் படுத்திருப்பவர்களுக்காக. மருந்து வேலை செய்யும், பயப்படாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றை நான் இனிப்பாகச் சொல்லப் போவதில்லை.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (கிருமியைக் கொல்லும் மருந்து). இடுப்பில் ஒரு நாள் இடது பக்கம், மறுநாள் வலது பக்கம். அதோடு கைநிறைய மாத்திரை. அதில் ஒன்று குடலையே வெளியே இழுத்துவிடும்போல் குமட்டும். சில மாதங்களில் காய்ச்சல் நின்றது, எடை கூடியது. ஆனால் காதுக்குள் ஒரு இரைச்சல் புகுந்தது. நடந்தால் தரை ஒருபக்கம் சரிந்தது. அந்த ஊசி சிலருக்குக் காது நரம்பைக் கெடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். உயிரா காதா என்றால் உயிர்தானே. ஊசியை மாற்றினார்கள். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, தலைசுற்றல் என்னோடு தங்கிவிட்டது.

அம்மா எப்போதாவது வருவாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அப்படி ஒரு நாள் வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றபடியே அந்த ஏற்பாட்டைச் சொன்னாள்.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு) தோட்டத்துடையது. வேலைக்கு இறங்குகிற பேர் இருக்கும்வரைதான் வீடு. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் வேலைக்குப் பேர் இருந்தது எனக்கு மட்டும். அம்மா மூட்டு வீங்கி ஓய்ந்துவிட்டாள். தங்கை ராசாத்தி என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவள் பிறந்ததைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். பிறகு ஓடியாடியும் அவள் கைக்கு வந்தது சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை). எனக்கு நீலம். சிவப்பு ஐசிக்கு வேலை பெர்மிட் வேண்டும், அது லேசில் கிடைக்காத காலம். அதனால் அம்மாவும் மண்டோரும் பேசி, ராசாத்தியை என் பேரில் இறக்கிவிட்டார்கள். அவள் என் நிரையை (ஒருவர் சீவவேண்டிய மரங்கள்) சீவினாள், என் வாளியில் பால் எடுத்தாள், கிராணி (கணக்கு எழுதுபவர்) அஞ்சலை என்று என் பேரையே எழுதிக்கொண்டார். துரைக்குத் தெரியாது. துரைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்.

"ஒன் பேர எடுத்துட்டாங்கன்னா வீட்ட எடுத்துடுவாங்க," என்றாள் அம்மா. "நீ நல்லாயி வா. பேரு அங்கதான் இருக்கு, எங்கயும் போவல."

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. தங்கச்சி கையால் வீடு தப்பியது என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். என் பேர் தோட்டத்தில் நடமாடுகிறது, நான் மட்டும் இங்கே படுத்திருக்கிறேன் என்று சிரித்தோம். சிரிப்புக்குப் பிறகு இருமல் வந்தது, மிஸ்ஸி வந்து அதட்டினாள்.

வார்டிலிருந்து வெளியே விட்ட பிறகும் ஈப்போவிலேயே ஒரு தூரத்துச் சொந்தத்தின் பின்கட்டில் இருந்துகொண்டு கிளினிக்குக்கு நடந்து மருந்தை முடித்தேன். கடைசிச் சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பது) ஒன்றும் இல்லை. இனி யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், யார் பக்கத்திலும் படுக்கலாம், உன்னால் யாருக்கும் வராது என்று டாக்டர் சொன்னார். மிஸ்ஸியிடம் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு கோப்பெங் பஸ் ஏறினேன்.

வீட்டில் எனக்குப் பின்வாசலுக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். அம்மா தலையாட்டிவிட்டு, என் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

விடியுமுன் பெரட்டு. ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம் எங்கள் லயத்துக்கு எதிரிலேயே இருந்தது. நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அஞ்சலை என்றார். நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் வெளியிலிருந்து ராசாத்தியின் குரல், "இருக்கேன்" என்றது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பேர் போய்விட்டது.

என் நிரையை நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மரங்கள் மேட்டில் இருந்தன. விடியாத இருட்டில் சரிவில் நின்றால் எனக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் சும்மா ஏறிப் பார்த்து, பாதியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை கேட்கலாம் என்றால், அஞ்சலை ஏற்கெனவே வேலையில் இருக்கிறாள். ஒரே தோட்டத்தில் ஒரே ஐசிக்கு இரண்டு அஞ்சலை எப்படி? அந்தச் சமயம் பார்த்துப் புதுக் கிராணி வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள் என்று பேச்சு.

அம்மா இந்த முறை உட்கார்ந்துதான் பேசினாள். கிராணி கண்ணில் நான் பட்டால் எல்லாருக்கும் வீடு போய்விடும், ஈப்போவில் பெண்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, கொஞ்ச நாள் போய் இரு என்றாள். நான் செத்திருந்தால் பேரை எடுத்திருப்பார்கள், பிழைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் இருந்திருக்கும். குணமானதால்தான் எனக்கு இடமில்லாமல் போனது. இதை நான் கோபத்தில் அம்மாவிடமே சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

இல்லத்தை ஆதரவற்ற பெண்களுக்காக ஊர்ப் பெரியவர்கள் நடத்திவந்தார்கள். அதைக் கவனித்துக்கொண்டவர் செட்டிநாட்டுக் குடும்பத்து ஆச்சி ஒருவர். நல்லவர், குரல் உயர்த்தமாட்டார். எனக்குத் தையல் கற்றுக்கொடுத்தது அவர்தான். அதற்காக இன்றும் கும்பிடுவேன். ஆனாலும் அங்கே இருந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது. நீளமான ஒரே கூடம், வரிசையாகக் கட்டில்கள். எப்போது எழுவது, எப்போது குளிப்பது, எப்போது விளக்கை அணைப்பது எல்லாவற்றுக்கும் மணி. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மருந்தை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தீபாவளிக்குச் சேலை கொடுக்க வருகிறவர்கள் எங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வந்த நோயை யாராவது அவர்கள் காதில் போட்டுவிட்டால், என் சேலை மட்டும் மேசைமேல் வைக்கப்பட்டு நான் எடுத்துக்கொள்ளவேண்டி வரும்.

எல்லாரோடும் இருந்தும் நான் இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டேன். சாதாரணச் சளி பிடித்தாலும் கொல்லைக்குப் போய்த்தான் இருமுவேன். வாரம் எது, மாசம் எது என்ற கணக்கு விட்டுப்போனது. கொஞ்ச நாள் என்று அம்மா சொன்னது ஒரு நாளும் முடியவில்லை.

ராசாத்திக்கு மணியம் என்ற லோரி கிளிண்டரோடு (ஓட்டுநரின் உதவியாள்) கல்யாணம் ஆனது. முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். பாகான் செராயிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அக்காவின் நோய் தெரியவேண்டாம் என்று நினைத்தார்களாம். அம்மா சாவுக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். போனேன். வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் திரும்பி வந்தேன்.

எண்பதுகள் பிறந்து சில வருஷத்தில் தோட்டம் கைமாறியது. மரத்தை வெட்டி வீடமைப்பு போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்படித் துண்டாடிய தோட்டங்களில் பல இடங்களில் ஆட்களை வெறுங்கையோடு அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் விடாமல் நின்றதில், நிரந்தர ஆள் ஒவ்வொருவருக்கும் ரோட்டோரத்தில் ஒரு சின்னக் கல்வீடு என்று முடிவானது. வீட்டை வாங்கிக்கொள்ள, பேருக்கு உரியவர் நேரில் வரவேண்டும், ஐசியோடு, முகத்தோடு.

ராசாத்தி இல்லத்துக்கு வந்தது அப்போதுதான். கையில் ரம்புத்தான் பழம். ஆச்சி கொடுத்த தேத்தண்ணியை மறுக்காமல் குடித்தாள். அக்கா, அக்கா என்று வாய்க்கு வாய் கூப்பிட்டாள். ஐசியை எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடு, அப்புறம் நீயும் எங்களோடவே இரு, உனக்கென்று இடம் வைத்திருக்கிறேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே அவளோடு கிளம்பினேன்.

அவள் வைத்திருந்த இடத்தை லயத்து வீட்டில் பார்த்தேன். சமையல் கட்டுக்கு வெளியே, விறகு அடுக்கும் தாழ்வாரத்தில் ஒரு பாய். பாய்மேல் அலுமினியத் தட்டு ஒன்று, அலுமினியக் குவளை ஒன்று. புதிது, ஈப்போவில் வாங்கியது. ராசாத்தியின் இரண்டு பெண்பிள்ளைகள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். சின்னது என்னிடம் வர எட்டு வைத்தது. பெரியது அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்ன வாக்கியம் எனக்கு இன்னமும் மனப்பாடம். ஒப்பிக்கவில்லை. வீடு என் பேருக்குத்தானே வருகிறது, வீட்டில் நான் இருந்துகொள்கிறேன், நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்றேன். மணியம் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

ராசாத்தி சிரிக்கவில்லை. கைகளை என் முன்னால் நீட்டிக் காட்டினாள். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. "இந்தக் கை சீவுன வீடுக்கா இது," என்றாள். அது உண்மை. கை அவளுடையது, பேர் என்னுடையது. நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நீ குடித்த குவளையில் எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாயா? அவள் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள்.

"ஒன் பேருக்கு நான் ஒழச்சேன்," என்றாள். "எம் பேருக்கு யாருக்கா ஒழச்சா?"

இத்தனை வருஷம் ராசாத்தி வேலைக்கு என் பேரை எழுதிவந்தவர், நடந்ததைக் கிளறினால் தனக்கும் வேலை போகும் என்று கிராணி மூச்சுவிடவில்லை. நான் ஐசியைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டேன், சாவியை வாங்கினேன். எனக்கு இரக்கமே வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தச் சின்னப் பிள்ளையின் முகம் வந்து வந்து போனது. வந்தும் சாவியைக் கொடுக்கவில்லை. அவர்கள் லகாட் பக்கம், ஈயம் தோண்டிய குட்டையோரத்தில் ஒரு பலகை வீட்டுக்குப் போனார்கள். ஆச்சிக்கு என்மேல் வருத்தம். இங்கே உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை ஆச்சி, கூடத்தில் படுத்துச் சலித்துவிட்டது என்றேன். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பழைய தையல் மிஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

ஒரு ஹால், ஒரு அறை, பின்னால் அடுப்படி. கோப்பெங் கடை ஒன்றுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். முதல் சில வாரம் அறைக்குள் தூக்கம் வராமல் ஹாலில் சுவரை ஒட்டிப் படுத்தேன். பசித்தாலும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன், யாராவது மணி அடிப்பார்கள் என்பதுபோல். பக்கத்து வீடுகளில் எல்லாம் பழைய தோட்டத்து ஆட்கள். நடந்தது தெரியும். பாதிப்பேர் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள், மீதிப்பேர் என் வாசலைக் கடக்கும்போது நடையை வேகமாக்குவார்கள். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், இருட்டில் திரும்பினால் தலை சுற்றும். மற்றபடி எனக்கு நோய் இல்லை.

வார்டில் படுத்திருப்பவர்களே, உங்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் வேலையை யார் செய்கிறார்கள், குணமானால் எங்கே படுப்பீர்கள் என்று இப்போதே கேளுங்கள். கேட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். என்னை யாரும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

இங்கே வந்து சில வருஷம் கழிந்து, ஒரு மத்தியானம் ராசாத்தி தனியாக வந்தாள். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாகச் சீவுகிறாளாம், இப்போதும் வேறு யாரோ ஒருத்தி பேரில். சோறு இருக்காக்கா என்றாள். நான் சாப்பிட்டுக் கழுவிய தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டாள். அது எனக்குத் தெரியவேண்டும் என்று செய்தாளா, பசியில் செய்தாளா, தெரியாது. கொஞ்சம் படுத்துக்கவா என்று கேட்டு, ஹாலில் வெறும் சிமெண்டில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள்.

தைக்க உட்கார்ந்த நான் மிஷினை மிதிக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தோள் இறங்கிப்போயிருந்தது. கால் விரல் இடுக்கெல்லாம் ஈரத்தில் வெந்திருந்தது. முன்தலை முழுக்க நரை. எங்களை ஒன்றாகப் பார்க்கிற எவரும் அவளைத்தான் அக்கா என்பார்கள். கட்டிலில் படுத்து, நிழலில் உட்கார்ந்து, மணிக்குச் சாப்பிட்ட என் தோல் இன்னும் சுருங்கவில்லை. அந்த நிரையில் நான் சீவியிருந்தால் அந்தத் தோள் எனக்கு இறங்கியிருக்கும். எனக்கு வரவேண்டிய கிழத்தனம் என் ஹாலில், என் தங்கச்சி உடம்பில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷங்களில் எது அவளுடையது, எது என்னுடையது என்று அன்றிலிருந்து எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வெயில் இறங்கியதும் எழுந்து முகம் கழுவினாள். "நல்ல காத்துக்கா ஒன் வீட்ல," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இருந்துட்டுப் போ என்பது என் தொண்டைவரை வந்தது. ஈப்போ பஸ் இப்போது வரும், அங்கே இறங்கி லகாட் பஸ் பிடித்துக்கொள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். நான் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, அவள் படுத்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து மிஷினுக்குப் போனேன்.